நாலாவது வழி

மன்னார் வளைகுடாவின் நடுவே தூண்கள்மேல் எழுப்பிய பவளத்திட்டு விமானத்தளத்தில் மாலைச் சங்கு ஊதியதும் குடியிருப்பின் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் மிக்ஸி ஓடத் தொடங்கும். ஒரு வீட்டில் தேங்காய், ஒரு வீட்டில் மிளகாய் வற்றல், இன்னொரு வீட்டில் ஊறவைத்த உளுந்து. புதிதாக மாற்றலாகி வந்தவர்கள் முதல் நாள் திடுக்கிட்டுப் போவார்கள். கொஞ்ச நாள் போனால் அந்த இரைச்சல் இல்லாத மாலைதான் அவர்களுக்கு என்னவோபோல் இருக்கும்.

விங் கமாண்டர் உக்கிரபாண்டியன் அன்றும் சங்கொலி கேட்டு எழுந்தார். நாடியையும் நடையையும் தூக்கத்தையும் ஓயாமல் பதிந்துகொண்டிருக்கும் கைவளையத்தைக் கழற்றினார். காதுக்குள் இருந்த பேசியை எடுத்தார். இரண்டையும் வாசலோரச் செப்புப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, வீட்டின் நடுவில் இருந்த மறைவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. சுவருக்குள் ஈயத்தகடு. வீட்டின் மற்றச் சுவர்களில் எறும்புபோல் பதிந்திருக்கும் உணர்விகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. ஆனால் ஈயம் அலைகளைத்தான் மறிக்கும். ஓசை கதவிடுக்கு வழியே கசிந்துவிடும். அதற்காகத்தான் மிக்ஸி. அடுக்களையில் அவர் மனைவி ஆவுடை அதைத் தட்டிவிட்டாள்.

உள்ளே போன கணவர் என்ன செய்கிறார் என்று ஆவுடை ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் குடியிருப்பில் எந்த மனைவியும் எந்தக் கணவனும் கேட்பதில்லை. ஓசையை மறைக்க ஒலித்திரை என்று ஒரு கருவியைப் படையே கொடுத்திருந்தது. அதன் முனகல் தலைவலியைத் தந்ததால் வீட்டுப் பெண்கள் அதைப் பரணில் போட்டுவிட்டு மிக்ஸிக்கு மாறிக்கொண்டார்கள். பவளத்திட்டு இட்லிப்பொடி கரையோர ஊர்களில் பேர் வாங்கியதற்குக் காரணம் இதுதான்.

வானத்தில் இரண்டு பக்கமும் எந்திரங்களே கணக்குப் போடும் காலம் அது. நெருக்கடி வந்தால் விமானத்தின் முன்கணிப்பான் மூன்று வழி காட்டும். எதிரியின் முன்கணிப்பானும் அதே மூன்றைக் கண்டுபிடித்து மூன்று வாசலிலும் காவல் வைத்துவிடும். உள்ளே ஒரு மனிதனை இன்னும் உட்கார வைத்திருப்பது நாலாவது வழிக்காக. அவன் படித்த பள்ளி, உண்ட சோறு, வாங்கிய செருப்பு, சண்டை போட்ட அண்டைவீட்டார் என எல்லாம் பதிவாகிச் சந்தைக்கு வந்துவிடுகிறது. வாங்குகிறவர்களில் எதிரியும் ஒருவன். பதிவில் உள்ளதிலிருந்து முளைக்கும் எதையும் எந்திரம் முன்னாலேயே சொல்லிவிடும். ஆகவே ஒவ்வொரு விமானியும் ஒரு பொழுதுபோக்கை வைத்திருந்தாக வேண்டும். அதை ஒருவரும் அறியக் கூடாது. அந்தக் காலத்து விமானிகள் வேலைக்கும் விருப்பத்துக்கும் இடையில் நேரம் போதாமல் திண்டாடினார்களாம். இவர்களுக்கு விருப்பமே வேலையில் பாதி. பிறர் பார்த்துவிட்ட பொழுதுபோக்கு வெளுத்துப்போனதாகக் கொள்ளப்படும். வெளுத்ததைப் பிறகு நடுத்தெருவில் வைத்துக்கூடச் செய்யலாம். வானத்துக்கு மட்டும் அது உதவாது.

இந்தச் சட்டம் விமானிகளை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அவர்களுடைய உணவுக்கூடத்தில் பார்க்கலாம். பேச்செல்லாம் மழையையும் மீன் குழம்பையும் பற்றியே இருக்கும். யாராவது மறதியாக ஒரு மெட்டை முணுமுணுத்தால் மற்றவர்கள் மரியாதையாகத் தட்டைப் பார்ப்பார்கள். உக்கிரபாண்டியன் மழையைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை. அவர் சிரித்துப் பார்த்தவர் தளத்தில் இல்லை. இளையவர்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பெயர் கல்லுப்பிள்ளையார். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

அணியின் கூடத்தில் ஒரு பித்தளைப் பலகை உண்டு. அதில் அவருடைய தாத்தாவின் பெயர் இருந்தது. கீழே, விமானத்தோடு கடலில் போன அப்பாவின் பெயர். அதற்கும் கீழே அவருடையது. எதிரியால் படிக்கப்பட்டுத் தரைக்கு இறங்கியவர்களின் பெயரை அரத்தால் ராவி எடுத்துவிடுவார்கள். ராவிய இடம் மற்ற இடங்களைவிடப் பளபளக்கும். மூன்று தலைமுறையாக அந்த வீட்டுப் பெயருக்கு அருகில் அரம் வந்ததில்லை. பிள்ளை இல்லாத அவரோடு அந்த வரிசை முடிகிறது. முடிகிறபோது சுத்தமாக முடிய வேண்டும் என்பதைத் தவிர அவர் பெரிதாக எதையும் ஆசைப்பட்டதில்லை.

அந்தக் கல்லுப்பிள்ளையார் மறைவறைக்குள் செய்தது பலகுரல்.

ஒரு முறை கேட்டால் போதும், எந்தக் குரலும் அவர் தொண்டைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். சத்திரத்துச் சமையல்காரர், ரயில் நிலைய அறிவிப்பு, கரண்டு கம்பியில் சண்டை போடும் இரண்டு மைனா, ஆவுடையின் காலஞ்சென்ற பெரியப்பா என எல்லாரும் அந்த அறையில் வந்து கூடுவார்கள். அண்மைக் காலத்தில் அவருக்குப் பிடித்துப்போனவர் தங்கையா. படகில் காய்கறி கொண்டுவந்து குடியிருப்புக்குள் வண்டி தள்ளி விற்பவர். வண்டியின் ஒரு சக்கரம் கோணல். எப்போதும் இடப்பக்கம் இழுக்கும், திடீரென்று நின்றுகொள்ளும். தங்கையா அதை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். "வாங்க மாப்ள, கோவிச்சுக்கிட்டு நின்னா எப்பிடி, பத்து வீடு இருக்குல்லா," என்று தாங்கிப் பேசி, கடைசியில் முழங்காலால் ஒரு எத்து விடுவார். உக்கிரபாண்டியன் அந்த எத்து வரைக்கும் செய்வார். சிரிக்க ஆள் இல்லாத அறையில், சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சற்று நிறுத்திவிட்டு மேலே போவார்.

வானத்தில் அவருடைய நாலாவது வழி இங்கிருந்துதான் வந்தது. நெருக்கடியில் அவர் தன் கையால் ஓட்டமாட்டார். வேறு யாருடைய கையையாவது வரவழைப்பார். எல்லைக்கோட்டின் மேல் எதிரியின் ஆளில்லாப் பொறிகள் இரண்டு வளைத்துக்கொண்ட ஒரு காலையில், அவர் தங்கையாவை வரவழைத்தார். விமானம் இடப்பக்கம் இழுபட்டது, கோபித்துக்கொண்டதுபோல் வேகம் தணிந்தது, பிறகு ஒரே எத்தில் மேலே துள்ளியது. எந்த எந்திரமும் நினைத்துப் பார்க்க முடியாத கோணல்.

துள்ளிய இடத்தில் எதிரியின் பொறி ஏற்கெனவே காத்திருந்தது.

வால் கருகத் தப்பி வந்தார். உயிர் பிழைத்ததைவிட, யாரோ தன் சட்டைப் பைக்குள் கைவிட்டது போன்ற உணர்வே அவரை உறுத்தியது.

மறைகாப்புப் பிரிவில் ஸ்குவாட்ரன் லீடர் ஜெனோவா அவரைக் கூப்பிட்டாள். தூத்துக்குடிப் பெண், அவர் வயதில் பாதிதான் இருக்கும்.

"உக்காருங்க சார்."

"நிக்கிறேன்."

"உங்க பொழுதுபோக்கு என்னன்னு எனக்குத் தெரிய வேண்டாம் சார். ஆனா அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எப்பிடின்னு பாக்கத்தான் உங்க வீட்டுச் சுவர்ப் பதிவ எடுத்தோம்."

அவள் மேசையைத் தொட்டாள். மிக்ஸி ஓடும் சத்தம் வந்தது. சற்று நேரத்தில் நின்றது. மறைவறையிலிருந்து கசிந்த எதையும், அவளும் கேட்டுவிடாதபடி, அழித்துவிட்டிருந்தார்கள். அந்த மௌனத்தில், துணியால் வாயைப் பொத்திக்கொண்டு யாரோ விம்முவதுபோல் ஒரு சத்தம்.

"யார் அழறது?" என்றார் உக்கிரபாண்டியன்.

ஜெனோவா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அழுகை இல்ல சார். சிரிப்பு. உங்க வீட்டு அக்காதான்."

ஆயிரம் குரல் தெரிந்த மனிதருக்கு அது தெரியவில்லை.

"ரெண்டு வருசமா மிக்ஸிய நடுவுல நிறுத்தியிருக்காங்க. மத்த வீட்டு மிக்ஸி ஓடுனதால உங்களுக்கும் தெரியல, கசிஞ்சதும் பதிவுல தெளிவா விழல. அதுகூடப் பரவாயில்ல. மறுநாள் காலைல காய்கறிக்காரர் வந்து ஏதோ சொன்னா, அக்கா முகத்தத் திருப்பிக்கிட்டுச் சிரிக்கிறாங்க. வேற யார் வந்தாலும் சிரிக்கல. அந்த ஆளு எப்பிடியோ உங்க அறைக்குள்ள இருக்காருன்னு எதிரி எந்திரம் கண்டுக்கிடுச்சு. அவ்வளவு போதும் சார் அதுக்கு."

"என்ன வழி?"

"ரெண்டு இருக்கு. நீங்க எறங்கிறலாம். இல்லன்னா புதுசா ஒண்ணு பழகிட்டு மறுபடி பறக்கலாம். ஆனா ஒரு தடவ உங்களக் கேட்டவங்க வழியா உங்களப் படிச்சிட்டே இருக்க முடியும். அதனால நீங்க ஓய்வு பெறுற வரைக்கும் அக்கா உங்ககூட இருக்க முடியாது. மாசம் ஒரு அழைப்பு, அதுவும் எங்க முன்னாடி."

ஓய்வுக்கு இன்னும் ஆறு ஆண்டு இருந்தது.

"மூணாவது ஒண்ணு கிடையாதா?"

"இல்ல சார்." அவள் குரல் தாழ்ந்தது. "தேடிப் பாத்துட்டேன்."

வீட்டுக்கு வந்தபோது ஆவுடை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். விமானி வீட்டுப் பெண்களுக்குச் செய்தி வாசலிலேயே தெரிந்துவிடும்.

"தெரிஞ்சுட்டா?" என்றாள்.

"ஏன் செஞ்ச?"

"வேணும்னு செய்யல. முத தடவ கரண்டு போயி மிக்ஸி நின்னுட்டு. செத்துப் பதினஞ்சு வருசமான எங்க பெரியப்பா சுவத்துக்குள்ள இருந்து ரசத்துல உப்பில்லன்னு சத்தம் போடுதாக. உயிரே போயிட்டு எனக்கு. பெறவு சிரிச்சுட்டேன். இத்தன வருசமா ஒரு கல்லுப்பிள்ளையாரோட குடித்தனம் பண்ணுதோம்னு நெனச்சிட்டிருந்தேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நிறுத்தியிருப்பீகளே."

அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு பேருக்கு எவ்வளவுதான் அரைக்க," என்றாள் ஆவுடை, தரையைப் பார்த்தபடி. "இந்த வீட்டுல எனக்குப் பேச்சுத்துணையா இருந்தது அந்தச் சுவரு ஒண்ணுதான். தப்புத்தான். அதுக்கு என்ன தண்டனன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். இரண்டு வழியையும் சொன்னார். "நான் எறங்கி..." என்று தொடங்கினார். வாக்கியம் அதற்குமேல் நகரவில்லை. அவர் கண்முன் பித்தளைப் பலகையில் அப்பாவின் பெயருக்குக் கீழே பளபளக்கும் ஒரு வெறும் இடம் வந்து நின்றது.

ஆவுடை அந்த மௌனத்தைப் படித்துவிட்டாள்.

"வேண்டாம். உங்க அப்பா பேருக்கு அடியில அரத்த வச்சு ராவ விட்டுட்டு, அத நெனச்சு நெனச்சு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீக. அதுக்கு நான் ஊருல இருக்கலாம். சங்கரன்கோயில்ல அண்ணன் வீட்டு மாடி சும்மாத்தான கெடக்கு. சட்டத்த மீறுனது நான். இந்த வீட்டுக்கு வாழ வந்தவதான நானும். எனக்கும் அந்தப் பேரு மேல அக்கறை உண்டு."

அவருக்கு உள்ளே ஏதோ இறுக்கம் தளர்ந்தது. அது நிம்மதி என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

அவள் புறப்படுவதற்கு முந்தைய மாலை, சங்கு ஊதியது. குடியிருப்பு முழுக்க மிக்ஸிகள் எழுந்தன. உக்கிரபாண்டியன் மறைவறைக்குப் போகாமல் கூடத்தில் நின்றார்.

"அது வெளுத்துப்போச்சு. இனிமே ஒளிக்க வேண்டியதில்ல," என்றார். "கேக்கறியா?"

பெட்டிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்த ஆவுடை ஓடிவந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தங்கையாவைச் செய்தார். மாப்பிள்ளையைத் தாங்கினார், எத்தினார். இரண்டு நிமிடத்தில் அவருக்கே வேர்த்துவிட்டது. இருபத்து சொச்ச வருடம் யாரும் பார்க்காமல் வளர்ந்த ஒன்று, ஒரு ஜோடிக் கண் எதிரில் கால் மடங்கி விழுந்தது.

ஆவுடை உதட்டைக் கடித்தாள். "ஏங்க, இது தங்கையா இல்ல. தங்கையா வேசத்துல விங் கமாண்டர் அணிவகுப்பு எடுக்காரு."

"வரல," என்றார் அவர்.

"உள்ள போங்க. எப்பவும்போல கதவச் சாத்திக்கோங்க. நான் மிக்ஸியப் போடுதேன். பெறவு நிறுத்துவேன். நிறுத்துனது உங்களுக்குத் தெரியாதுன்னு வச்சுக்கோங்க."

அவர் உள்ளே போனார். கதவு மூடியது. மிக்ஸி ஓடியது, நின்றது. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்.

சங்கரன்கோயிலில் ஒரு கல்யாணம். மைக் செட்டுக்காரன் ஒலிபெருக்கியைத் தட்டி, "அலோ, அலோ, மாப்பிள்ளையோட செருப்பக் காணல, எடுத்தவுக மேடைக்குக் கொண்டாந்துருங்க, மாப்பிள்ள அழுதாரு," என்கிறான். பெரியப்பா சமையல்காரரிடம், "வே, சாம்பார்ல கத்திரிக்காயத் தேடுதேன், தேடுதேன், முங்கு நீச்ச தெரிஞ்சவன் எவனையாது கூப்பிடும்," என்கிறார். "கத்திரிக்கா இன்னும் வரல அண்ணாச்சி, தங்கையா வண்டி முக்குல கோவிச்சுக்கிட்டு நிக்கி," என்கிறார் சமையல்காரர். உடனே மைக்கில், "அலோ, ஒரு திருத்தம். கோவிச்சுக்கிட்டு நிக்கிற மாப்பிள்ள வேற, செருப்பில்லாத மாப்பிள்ள வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீக."

அப்போது அது கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், துணி வைத்துப் பொத்தாத சிரிப்பு. முதலில் விக்கல் மாதிரி இரண்டு தடவை தடுக்கியது. பிறகு கைக்கு அகப்படாமல் மேலே மேலே போய், மூச்சு முட்டி, குக்கர் விசில் அடங்குவதுபோல் இறங்கி, மறுபடி முதலிலிருந்து விக்கியது. உக்கிரபாண்டியன் சிரிப்பு வரும் இடத்தில் எப்போதும்போல் சற்று நிறுத்தினார். முதல் முறையாக அந்த இடைவெளியில் ஏதோ இருந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து மேலே போனார்.

வெளியே வந்தபோது அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த மைக் செட்டுக்காரன் யாரு? நம்ம ஊர்ல பாத்த நெனப்பு இல்லையே."

"யாருமில்ல. நானா உண்டாக்குனது."

"அவன்தான் அம்புட்டுப் பேரையும்விட நல்லா இருந்தான்," என்றாள்.

மறுநாள் காலைப் படகில் போனாள். அவர் சீருடையில் துறை வரைக்கும் வந்தார். கையசைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. தங்கையா வண்டியை நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாமல், "அக்கா ஊருக்கா சார்? எப்ப வருவாக?" என்று கேட்டார். அவர் ஒரு கிலோ கத்திரிக்காய் வாங்கிக்கொண்டார்.

அவர் புதிதாக என்ன பழகத் தொடங்கினார் என்று இங்கே சொல்வதற்கில்லை. சொன்னால் அதுவும் வெளுத்துவிடும். ஒன்றைச் சொல்லலாம்: சங்கு ஊதியதும் அவரே அடுக்களைக்குப் போய் மிக்ஸியைத் தட்டிவிட்டு மறைவறைக்குள் போவார். கேட்க ஆள் இல்லாத வீட்டில் மிக்ஸி எதற்கு என்ற கேள்வி வரலாம். சுவர்கள் இருக்கின்றனவே. அதோடு, குடியிருப்பில் ஒரு வீடு மட்டும் மௌனமாக இருப்பது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

நாலைந்து நாளில் எதிர்வீட்டம்மா வாசலில் வந்து நின்றாள். "வெறும் ஜார ஓட்டாதீங்க சார், சத்தம் தெரியுது. புஷ் தேஞ்சுரும். ரெண்டு கை அரிசி போட்டு ஓட்டுங்க." அப்படியே செய்தார். மாவு சேர்ந்தது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு டப்பா நிறைந்ததும் தங்கையாவின் படகில் கரைசேர்த்துச் சங்கரன்கோயிலுக்கு அனுப்பி வைத்தார். அடுத்த டப்பா, அதற்கடுத்தது. காவல் சாவடியில் திறந்து பார்த்தார்கள். பச்சரிசி மாவு. சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. அழைப்புக்கு இடைப்பட்ட நாட்களில் அவளுக்கு அவரிடமிருந்து ஏதோ ஒன்று போய்ச் சேர்கிறது. மூன்றாவது வழியும் இல்லை என்றார்களே, இது நாலாவது என்று அவர் மனம் ரகசியமாகப் பெருமைப்பட்டது. வானத்திலும் கை திரும்பியிருந்தது. எதிரியின் பொறிகள் மறுபடி அவரைத் தவறான வாசல்களில் தேடத் தொடங்கியிருந்தன.

அந்த மாதத்து அழைப்பு வந்தது. ஜெனோவா மேசைக்கு எதிரில் உட்கார்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள்.

"மாவு வந்துச்சு," என்றாள் ஆவுடை. "புட்டு அவிச்சேன். அண்ணன் பிள்ளைக நல்லா சாப்பிட்டுச்சு."

"சரி."

"முத டப்பா கொரகொரன்னு இருந்துச்சு. உள்ள போயி இருப்புக் கொள்ளாம ஒடனே வெளிய வந்துட்டீக போல. ரெண்டாவது டப்பா அதுக்கும் மோசம். பாதிக்குமேல நொய்யி. அந்த வாரம் உங்களுக்கு ஒண்ணும் ஓடல, என்ன?"

அந்த வாரம் அவர் அப்பாவின் நினைவு நாள்.

"கடைசியா வந்தது சந்தனம் கணக்கா இருக்கு. கைல ஒட்டவே இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு. புதுசு பிடிச்சுப்போச்சு, ரொம்ப நேரம் உக்காந்திருக்காக, நல்லா இருக்காகன்னு தெரிஞ்சுக்கிட்டேன்." அவள் நிறுத்தினாள். சிரிப்பு வர வேண்டிய இடம் அது. வரவில்லை. "ஏங்க, மாவத் தொட்டா எனக்கே இம்புட்டுத் தெரியுதே."

ஜெனோவா அசையவில்லை.

"இனிமே அனுப்பாதீக," என்றாள் ஆவுடை.

"சரி," என்றார் உக்கிரபாண்டியன்.

மறுநாள் மாலைச் சங்கு ஊதியது. அவர் வளையத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். அரிசி போட்டு மிக்ஸியைத் தட்டிவிட்டு உள்ளே போனார். நேரம் கழித்து வெளியே வந்து, ஜாரைக் கழற்றி, தளத்தின் விளிம்புக்கு எடுத்துப்போனார். மாவு கொரகொரப்பா, சந்தனமா என்று தொட்டுப் பார்க்கவில்லை. அப்படியே கடலில் கவிழ்த்தார்.